பகல் பன்னெண்டு நாப்பது

அந்தப் பையைக் கீழ வைக்காதீங்க சார், மடியில வச்சுக்கங்க. செம்பட்டி தாண்டட்டும், இந்த பஸ் டிரைவர் எப்படி ஓட்டுறான்னு பாப்பீங்க. உள்ள லேப்டாப்தானே? நீங்க புடிச்சிருக்கற லட்சணத்துலயே தெரியுது. எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு. என்னைக் கேட்டா அதெல்லாம் கம்ப்யூட்டரே இல்ல சார். மூடி போட்ட சிலேட்டு.

கோவிச்சுக்காதீங்க. நீங்க அதை வச்சுத்தான் பொழைக்கிறீங்கன்னு தெரியுது. நான் எதையும் மனசுல வச்சுக்க மாட்டேன், அவ்வளவுதான். என் பேரு பாலகுருசாமி. புள்ளியியல் துறையில இருந்து ரிட்டயர் ஆனவன். திண்டுக்கல். இந்த மஞ்சப் பையில இருக்கறது எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகை. பெரியகுளத்துல தங்கச்சி வீடு, அவளுக்கு வைக்கப் போறேன். நீங்களும் பெரியகுளம்தானே? நல்லதாப் போச்சு.

ஒரே பொண்ணு. மஞ்சரி. லேட் கல்யாணம்தான், மறைக்கறதுக்கு என்ன இருக்கு. ஏன் லேட்டுன்னு ஊரே கேட்டுச்சு. ஊருக்கு என்ன சார், அதுக்கு வேற வேலை என்ன? நான் சொல்றேன் கேளுங்க. உங்க பையில இருக்கற சாமானும் அதுல சம்பந்தப்பட்டதுதான்.

தொண்ணூத்தி ரெண்டுல இவ பொறந்தா. அடுத்த வருஷமே நான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குனேன். பி.எஃப். லோன் போட்டு. திண்டுக்கல்ல அப்ப எவன் வீட்ல சார் கம்ப்யூட்டர் இருந்துச்சு? எங்க ஆபீஸ்லயே ஒண்ணுதான். அதுக்குன்னு ஏசி ரூம், செருப்பை வெளிய கழட்டிட்டுத்தான் உள்ள போகணும், கர்ப்பகிரகம் மாதிரி. எங்க ஆபீசர் அதுல கை வச்சதே கிடையாது, திரைச்சீலை நிறத்தை மட்டும் மாத்தச் சொல்லுவாரு. நான் சாயங்கால கிளாஸ் போய் பாஸ்கல் படிச்சேன். பாஸ்கல்னா கம்ப்யூட்டர்கிட்ட பேசுற ஒரு பாஷை. படிச்சுட்டு நானே ஒரு புரோகிராம் எழுதுனேன். என்ன புரோகிராம்? ஜாதகப் பொருத்தம்.

சிரிக்காதீங்க. நான் ஜோசியத்தை நம்புறவன் இல்ல. ஜோசியக்காரனுங்க மாதிரி பித்தலாட்டக்காரனுங்க உலகத்துல கிடையாது. கட்டத்தைப் பாப்பான், நம்ம மூஞ்சியைப் பாப்பான், மூஞ்சியில என்ன தெரியுதோ அதைக் கட்டத்துல இருக்கற மாதிரி சொல்லுவான். என்னோடது ஜோசியம் இல்ல சார், கணக்கு. பிறந்த தேதி, நேரம், ஊரு. சந்திரன் அந்த நேரத்துல எங்க நின்னுச்சு? அதை வச்சு நட்சத்திரம். ரெண்டு நட்சத்திரத்தை வச்சு பத்துப் பொருத்தம். இதுல மூஞ்சிக்கு எங்க வேலை? மெஷினுக்கு யாரு மூஞ்சியும் தெரியாது.

முதல்ல போட்டுப் பாத்தது எம் பொண்ணோடதுதான். ஆஸ்பத்திரிச் சீட்டுல பகல் பன்னெண்டு நாப்பதுன்னு இருந்துச்சு. போட்டேன். ரோகிணின்னு வந்துச்சு. ஆனா அதுக்கு முந்தியே ஜோசியர் பரமசிவம்னு ஒரு மகானுபாவன், மேட்டுப்பட்டிப் பக்கம், கார்த்திகைன்னு எழுதிக் குடுத்திருந்தான். யாரை நம்புறது சொல்லுங்க. வெத்தலைச் சாறு ஒழுகுற வாயையா, எட்டு தசம ஸ்தானம் வரைக்கும் கணக்குப் போடுற மெஷினையா? நேரா அவன் வீட்டுக்குப் போனேன். கூட்டம் உக்காந்திருக்கு. அத்தனை பேரு முன்னாடியும் கேட்டேன், பொறந்த கொழந்தையோட நட்சத்திரத்தையே மாத்துறியே, உனக்கு வெக்கமா இல்லியான்னு. அவன் பஞ்சாங்கத்தை எடுத்து விரிச்சான். மூடுங்கய்யா அந்தப் பழைய பேப்பரைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

என் வீட்டுக்காரி தமயந்தி இருக்காளே, அவளுக்கு இது புரியவே புரியாது. கோயில்ல அர்ச்சனைக்குச் சொல்லும்போது, நான் கொஞ்சம் தள்ளி நிக்கிறேனான்னு பாத்துட்டு, அய்யர்கிட்ட மெதுவா கார்த்திகைன்னே சொல்லுவா. எனக்குக் கேக்கும். போகட்டும்னு விட்டுருவேன். சாமிக்கு ரெண்டும் ஒண்ணுதானே.

சரி, பொண்ணு வளந்தா. வேதியியல் படிச்சா. மண்ணும் தண்ணியும் பரிசோதனை பண்ணிக் குடுக்கற தனியார் லேப் ஒண்ணுல வேலை. விவசாயிங்க பையில மண்ணைக் கட்டிக் கொண்டு வருவாங்க, இவ அதைக் கரைச்சுப் பாத்து என்ன உரம் போடணும்னு எழுதிக் குடுப்பா. புள்ளியியலுக்கு வாடின்னேன், கேக்கல. மண்ணைக் கரைக்கப் போயிட்டா.

வரன் வர ஆரம்பிச்சுது. நான் ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன். ஒண்ணும் தேறல. ஒட்டன்சத்திரத்துல இருந்து ஒருத்தன், மூணு பொருத்தம். மதுரையில ஒருத்தன், நாலு வந்துச்சு, ஆனா ரஜ்ஜு தட்டுச்சு. ரஜ்ஜு தட்டுனா மாங்கல்யத்துக்கு ஆகாது, அது உங்களுக்கே தெரியும். பெங்களூர்ல ஒருத்தன், அவனுக்குப் பொருத்தம் பாக்கவே வேண்டியதில்ல, ஃபோன்லயே வாயில பபிள்கம் மென்னுக்கிட்டுப் பேசுனான்.

கம்பத்துல இருந்து ஒரு பையன் வந்தான். காலேஜ்ல லெக்சரர். திராட்சைத் தோட்டம் வேற. அவங்க வீட்ல ஜாதகமே குடுக்கல. எங்களுக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்லன்னு பெருமையா சொன்னாங்க. சரி, தேதியும் நேரமும் சொல்லுங்கன்னு வாங்கி வச்சுக்கிட்டேன். அவனும் இவளும் மொட்டை மாடியில பேசப் போனாங்க. பேசுறாங்க, பேசுறாங்க, கீழ வச்ச காபி ஆடை கட்டிப் போச்சு. எறங்கி வரும்போது ரெண்டும் சிரிச்சுக்கிட்டே வருது. அதுக்குள்ள நான் உள்ள போய்ப் போட்டுப் பாத்துட்டேன். அஸ்தம். ரோகிணிக்கும் அஸ்தத்துக்கும் ஒரே ரஜ்ஜு. அப்பவே அவங்க அப்பாகிட்ட சொல்லிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க, கணக்கு ஒத்துவரலன்னு. அந்தாளு எந்திரிச்சு வேட்டியை உதறுன உதறு இருக்கே! நம்பிக்கை இல்லாதவனுக்கு எதுக்கு சார் அவ்வளவு கோபம்?

மஞ்சரி இருக்காளே, நல்ல பொண்ணு. அப்பா சொன்னா சரின்னு அடுப்படிக்குப் போயிட்டா. அன்னிக்குப் பாத்திரமெல்லாம் அவதான் வெளக்குனா. வெளக்குன பாத்திரத்தையே மறுபடி வெளக்குனா.

இப்படி ஏழெட்டு வருஷம். சொந்தக்காரன் எல்லாம் ஜாடையா பேசுனானுங்க. பேசட்டும். தப்பான கணக்குல கல்யாணம் பண்ணிக் குடுத்துட்டு ஆயுசு பூரா அழறதுக்கு இது மேல்.

போன ஐப்பசியில ஒரு இடி விழுந்துச்சு பாருங்க. எங்க தெருவுல நாலு டிவி போச்சு. என் கம்ப்யூட்டர்ல டப்புன்னு ஒரு சத்தம், கருகுன வாசம், அவ்வளவுதான். எத்தனை வருஷம் ஒழைச்ச மெஷின் சார். மழைக்குத் துண்டைப் போட்டு மூடி வச்சுக் காப்பாத்துனது. நான் அதுக்கு முன்னாடி உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன், தமயந்தி அடுப்படியில பருப்பு வடை சுட்டா. என்னடி விசேஷம்னேன். மழைக்குத்தான்னா.

ரிப்பேர் கடைக்காரன் அதைத் தொறந்துகூடப் பாக்கல. எடைக்குப் போடுங்க சார்ங்கறான். இவனுங்களுக்கு ஸ்க்ரூ முடுக்கத் தெரியாது, கழட்டி மாட்டத்தான் தெரியும். பொண்ணு தன் சம்பளத்துல லேப்டாப் ஒண்ணு வாங்கிக் குடுத்தா. நான் என் புரோகிராமை ஒரு சிடியில பத்திரமா போட்டு வச்சிருந்தேன். பாத்தா, அந்த லேப்டாப்புல சிடி போடுறதுக்கு வாயே இல்ல! வாயில்லாத பிராணியை வாங்கிக் குடுத்திருக்கா. அப்புறம் அவ லேப்ல இருந்து தனியா ஒரு டிரைவை எரவல் வாங்கி வந்து மாட்டுனா. காப்பி ஆச்சு. புரோகிராமைத் தொட்டேன்.

ஒரு நீலக் கட்டம் வருது. இந்த புரோகிராம் இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடாதாம். வேற பதிப்பு வேணும்னா மென்பொருளைத் தயாரிச்சவரைத் தொடர்பு கொள்ளவும்னு எழுதியிருக்கு. தயாரிச்சவன் நான்தான்யா! ஒன் முன்னாடிதான் உக்காந்திருக்கேன்! என்கிட்டயே என்னைப் போய்க் கேளுங்குது. அரசாங்க ஆபீஸ்லகூட இப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்ல.

நாலு நாள் மல்லுக்கட்டுனேன். வலது பக்கம் கிளிக் பண்ணு, பழைய முறையில ஓட்டுன்னு ஒரு எடத்துல போட்டிருந்தான். பண்ணேன். மறுபடி அதே கட்டம். கடைசியில மஞ்சரி சொன்னா, அப்பா, எங்க லேப்ல கௌரிசங்கர்னு ஒருத்தர் இருக்கார், பழைய மெஷினை எல்லாம் அவர்தான் பாத்துக்கறார், கூட்டிட்டு வரட்டுமான்னு. எனக்கு யாரு ஒத்தாசையும் வேண்டாம்னேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அவனைக் கூட்டிட்டு வந்துட்டா.

ஒல்லியா இருந்தான். வந்ததும் செருப்பை ஒழுங்கா சுவரோரமா விட்டான், அது ஒண்ணுதான் பரவால்லன்னு தோணுச்சு. எதைக் கேட்டாலும், "தெரியல அங்கிள், பாக்கணும்." தெரியலன்னு சொல்றதுக்கு ஒருத்தன் வேணுமா சார்? அது எனக்கே தெரியுமே. அவன்கிட்ட கேட்டேன், என்ன சம்பளம்னு. சொன்னான். நான் மேல கேக்கல. அப்பா இல்லியாம், அம்மா மில்லுல வேலை பாத்தவங்களாம். அதையும் கேக்காமலே சொன்னான், பெரிய சாதனை மாதிரி.

ஆனா ஒரு வேலை பண்ணான். லேப்டாப்புக்குள்ளயே இன்னொரு புரோகிராமைப் போட்டான். அது பழைய மெஷின் மாதிரி நடிக்குமாம். அதுக்குள்ள என் புரோகிராமை விட்டா, அது நாம பழைய மெஷின்லதான் இருக்கோம்னு நெனைச்சு ஓடுமாம். பாருங்க சார், இத்தனை கோடி செலவு பண்ணி, இத்தனை வேகமா ஒரு மெஷினைப் பண்ணி, கடைசியில அதை வேஷம் போட விடுறானுங்க.

அப்பவும் ஓடல. கறுப்புத் திரையில ஒரே வரி. ரன்டைம் எரர் இருநூறு. பூஜ்யத்தால வகுத்துட்டேன்னு அர்த்தம். எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. மாவட்டம் பூராவும் எத்தனை ஏக்கர் நெல்லு, எத்தனை ஏக்கர் சோளம்னு காலமெல்லாம் கணக்குப் போட்டவன் நான். என்னையப் பாத்து, பூஜ்யத்தால வகுத்துட்டேன்னு இந்தச் சிலேட்டு சொல்லுது!

அவன் உக்காந்து பாத்தான். பாத்துட்டு, "உங்க தப்பு இல்ல அங்கிள்"ன்னான். "புரோகிராம் ஆரம்பிக்கறப்ப இந்த மெஷின் எவ்வளவு வேகம்னு அளந்து பாக்குது. அந்த நம்பரை வைக்க அப்ப ஒதுக்குன எடம் சின்னது. இந்த மெஷின் வேகம் அதுக்குள்ள அடங்கல. என்ன சொல்றதுன்னு தெரியாம இப்படிச் சொல்லுது. மெஷினை மெதுவாக்குனா சரியாயிரும்."

மெதுவாக்குனான். சரியாயிருச்சு.

ஆக என் மேல தப்பு இல்ல. மெஷினுக்கு அவசரம். இதை நான் அன்னிக்கே தமயந்திகிட்டச் சொன்னேன். அவ அந்தப் பையனுக்கு மூணாவது தோசை போட்டுக்கிட்டிருந்தா.

ஓடுச்சே ஒழிய, தமிழ் வரல. என் புரோகிராம்ல தமிழ் எழுத்து ஒவ்வொண்ணையும் நானே புள்ளி புள்ளியா வரைஞ்சு வச்சிருந்தேன். அது இங்க வரமாட்டேங்குது. ரஜ்ஜுன்னு வர வேண்டிய எடத்துல ஆர்ட்டின், டைமன், ஸ்பேடு, நடுவுல ஒரு சிரிக்கிற மூஞ்சி. பொருத்தம் பாக்க உக்காந்தா சீட்டுக்கட்டைக் கலைச்சுப் போடுது. அதைச் சரி பண்ண நான் பாஸ்கல்ல எழுதுன மூல வரிகளையே படிச்சாகணும்னான். பழைய மெஷினோட ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி, ஒரு டப்பாவுல மாட்டி, உள்ள இருந்து எடுத்தான். அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமையானா வந்துருவான். நானும் சும்மா ஒரு ஆள் வேலை பாக்குறானேன்னு விட்டுட்டேன். மஞ்சரியும் பக்கத்துல உக்காந்து பாப்பா. கத்துக்கட்டுமே, நல்லதுதானே.

ஒரு ஞாயித்துக்கிழமை தமிழ் வந்துருச்சு. பளிச்சுன்னு, நான் வரைஞ்ச அதே எழுத்து. சோதிச்சுப் பாப்போம், எம் பொண்ணோடதைப் போடுன்னேன். நானே சொன்னேன், பகல் பன்னெண்டு நாப்பது. ரோகிணின்னு வந்துச்சு. பாத்தியா, அன்னிக்கு என்ன சொல்லுச்சோ அதையேதான் இன்னிக்கும் சொல்லுதுன்னேன்.

அவன் என் மூஞ்சியைப் பாத்தான், மஞ்சரி மூஞ்சியைப் பாத்தான். அப்புறம், "அங்கிள், ஒண்ணு கேக்கலாமா?"ன்னான். கேளுன்னேன்.

"பிற்பகல்னா நீங்க பன்னெண்டைக் கூட்டுறீங்கல்ல?"

"ஆமா. ஒரு மணின்னா பதிமூணு. ரெண்டுன்னா பதினாலு. இதுகூடத் தெரியாதா?"

"பன்னெண்டு நாப்பதுக்கும் கூட்டுது அங்கிள். இருபத்தி நாலு நாப்பதுன்னு எடுத்துக்குது. அதாவது அன்னிக்கு ராத்திரி. அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கூட்டக் கூடாது."

நான் அவனையே பாத்தேன். அடுப்படி வாசல்ல தமயந்தி வந்து நிக்கிறா, கையில கரண்டி. "என்ன தம்பி?"ன்னா.

"ஒண்ணுமில்லம்மா. நேரம் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கு."

"சரியாப் போட்டா என்ன நட்சத்திரம் வருது?"

அவன் அந்த ஒரு வரியைத் திருத்திட்டு மறுபடி ஓட்டுனான். கார்த்திகைன்னு வந்துச்சு.

தமயந்தி அடுப்பை அணைச்சுட்டு வந்து கட்டில்ல உக்காந்தா. வேற எதுவும் பண்ணல. மாவு அப்படியே கெடக்கு.

இதுல என் தப்பு என்ன சார் இருக்கு? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. பகல் பன்னெண்டு நாப்பதுன்னு எந்தக் கணக்குல எழுதுனா அந்த நர்ஸு? பூஜ்யம் நாப்பதுன்னு எழுதியிருந்தா பன்னெண்டைக் கூட்டுறப்ப சரியா வந்திருக்கும். பன்னெண்டுக்கு அடுத்தது ஒண்ணுன்னு கடியாரம் பண்ணுனவன் முட்டாளு. நான் அதைத்தான் சொன்னேன் அவங்ககிட்ட. அந்தப் பரமசிவமும் கார்த்திகைன்னுதான் சொன்னான், ஆமா, குருட்டாம்போக்குல சொல்லியிருப்பான்.

அப்ப மஞ்சரி, "இன்னொண்ணு போட்டுப் பாக்கலாமாப்பா?"ன்னா. யாரோடதுன்னேன். கம்பத்துக்காரரோடதுன்னா.

அது எந்த டைரியில இருக்கோ, தேடணுமேன்னேன். வேண்டாம்ப்பா, நான் சொல்றேன்னா. தேதி சொன்னா, மாசம் சொன்னா, வருஷம் சொன்னா, மணி, நிமிஷம். எதையும் பாக்காம சொன்னா சார். அத்தனை வருஷம் கழிச்சு! எங்க பரம்பரைக்கே அந்த ஞாபகசக்தி உண்டு. எங்கப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கு இருக்கு, இவளுக்கும் வந்திருக்கு.

அந்தப் பையன்தான் டைப் பண்ணான். மெதுவாத்தான் பண்ணான். ஆறு பொருத்தம் வந்துச்சு. ரஜ்ஜு தட்டல.

தட்டாட்டி என்ன இப்போ, அவனுக்குத்தான் கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளைங்க, அதுவும் தலை வழுக்கையாம், நல்லவேளை நீ தப்பிச்சேன்னு நான் சொன்னேன். சும்மா கலகலப்பா இருக்கட்டும்னு. அவ எந்திரிச்சு மொட்டை மாடிக்குப் போனா. துணி எடுக்கன்னு. அன்னிக்குத் துணியே காயப்போடல.

அந்தப் பையன் பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டான். போறப்ப செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல கொஞ்ச நேரம் மேல பாத்து நின்னான். தமயந்தி அவன்கிட்ட, "போய்ப் பேசிட்டுப் போ தம்பி"ன்னா. என்னத்தைப் பேசுறது? வேலைதான் முடிஞ்சிருச்சே. ஆனா போனான்.

அதுக்கப்புறம் கொஞ்ச காலம் வீடு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. மஞ்சரி என்கூடப் பேசுறதைக் கொறைச்சுட்டா. லேப்ல வேலை ஜாஸ்தியாம். நான் ஏதாவது கேட்டா தமயந்திதான் பதில் சொல்லுவா, மொழிபெயர்ப்பாளர் மாதிரி. நான் கண்டுக்கல. தை பொறந்துச்சு. பொங்கல் முடிஞ்சு ஒரு நாள் காலைல நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன், எதிர்ல வந்து நின்னு சொல்றா. "அப்பா, நான் கௌரிசங்கரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

பண்ணிக்கலாமான்னு கேக்கல சார். போறேன்னா.

எனக்கு வந்த கோபத்துக்கு என்னென்னமோ சொன்னேன். மில்லுக்காரி மகன்னேன். மண்ணு கரைக்கிறவன்னேன். தெரியல தெரியலன்னு சொல்றவன், அவனுக்கு எம் பொண்ணான்னேன். எல்லாத்தையும் நின்னு கேட்டா. தமயந்தி வந்து அவ பக்கத்துல நின்னுக்கிட்டா. கடைசியில நான், சரி, அவன் பொறந்த தேதி நேரத்தைக் குடு, போட்டுப் பாக்கறேன்னேன். நியாயமாத்தானே கேட்டேன்?

தேதியைச் சொன்னா. நேரம் தெரியாதாம். ஜாதகமே எழுதலியாம். அவங்கப்பா அதெல்லாம் வேண்டாம்னுட்டாராம். நேரம் இல்லாம எப்படிப் போடுறதுன்னேன். போடுங்க பாக்கலாம்னு அவளே லேப்டாப்பைத் தொறந்து, தேதியை அடிச்சு, நேரத்தை வெத்தா விட்டுட்டு என்டரைத் தட்டுனா. பிறந்த நேரம் தவறு, மீண்டும் இடுகன்னு வந்துச்சு. நான் எழுதுன வரிதான் அது. மறுபடி தட்டுனா. மறுபடி அதே. தட்டுனா. அதே. நிறுத்தல சார் அவ, தட்டிக்கிட்டே இருந்தா. போதும்டின்னு நான்தான் கையைப் புடிச்சேன்.

அப்ப சொன்னா. "இத்தனை வருஷம் உங்களுக்காக நான் ரோகிணியா இருந்தேன்ப்பா. இனிமே எதுவாவும் இருக்க மாட்டேன்."

சத்தமா சொல்லல. அழவும் இல்ல. சத்தமா சொல்லியிருந்தா நானும் சத்தம் போட்டிருப்பேன். சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டா.

நான் ரெண்டு நாள் சரியா சாப்புடல. அவளுக்காக இல்ல, வயிறு சரியில்ல. மூணாம் நாள் மத்தியானம், தமயந்தி தூங்கிக்கிட்டிருந்தா, எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. நேரம் தெரியாட்டி என்ன? ஒரு நாளைக்கு இருபத்தி நாலு மணி நேரந்தானே, எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டாப் போச்சு. எந்த ஜோசியனுக்காவது இது தோணுமா? புள்ளியியல் படிச்சவனுக்குத்தான் தோணும்.

உக்காந்தேன். விடியக்காலைல இருந்து ஆரம்பிச்சேன். விசாகம். அடுத்த மணி, விசாகம். அதுக்கடுத்தது, விசாகம். கார்த்திகைக்கு விசாகம்னா என்னன்னு தெரியுமா சார்? வேதை, ஒண்ணை ஒண்ணு அடிக்கிற நட்சத்திரம். அதோட ரஜ்ஜுவும் தட்டும். அதைவிட மோசமா ஒண்ணு என் புரோகிராம்லயே கெடையாது. காலைல பூரா அதுதான். பத்து மணி, விசாகம். பதினொண்ணு, விசாகம். ஃபேன் ஓடுது, எனக்குக் கை வேர்க்குது. என்டரைத் தட்ட வெரல் வழுக்குது. யாரோ எவனோ, மண்ணு கரைக்கிறவன், அவன் நட்சத்திரத்துக்கு எனக்கு ஏன் வேர்க்கணும்? லேப்டாப் சூடு. அதான் காரணம்.

மத்தியானம் போட்டேன், மாறல. மூணு மணி, மாறல. சாயங்காலத்துக்கு வந்தேன் பாருங்க, திரும்பிருச்சு. அனுஷம்! ஏழு பொருத்தம். ரஜ்ஜு தட்டல. வேதை இல்ல.

போய் தமயந்தியை எழுப்புனேன். "மாப்பிள்ளை சாயங்காலம் பொறந்திருக்கார்"ன்னேன்.

அவ எந்திரிச்சு உக்காந்து என்னையவே கொஞ்ச நேரம் பாத்தா. தூக்கக் கலக்கம். அப்புறம், "சரி, காபி போடட்டுமா?"ன்னா. ரெண்டு கரண்டி சக்கரை போட்டுக் குடுத்தா. எனக்கு சக்கரையைக் கட் பண்ணி மூணு வருஷமாச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசப் போனோம். ரெண்டு ரூம் வீடு. அவங்கம்மா பேரு கஸ்தூரி. காதுல பஞ்சு வச்சுக்கிட்டு மில்லுல நின்ன பழக்கமோ என்னமோ, சத்தமா பேசுவாங்க. தட்டு மாத்துற பேச்செல்லாம் தமயந்தி பேசுனா. நான் முக்கியமான விஷயத்துக்கு வந்தேன். உங்க மகன் சாயங்காலம் பொறந்தவர்தானேன்னேன்.

"இல்லீங்களே, காலைல"ன்னாங்க.

பெத்தவங்க பேச்சைப் பாருங்க சார்! "காலைலன்னு எப்படிச் சொல்றீங்க?"ன்னேன்.

"மில்லுச் சங்கு ஊதுனப்ப பொறந்தானுங்க. நல்லா ஞாபகம் இருக்கு."

"சங்கு சாயங்காலமும் ஊதுமே?"

"ஊதும். ஆனா அன்னிக்கு இவங்க அப்பா நைட் ஷிப்ட் முடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. டிபன் கேரியர்கூடக் கையில..."

"நீங்க வலியில இருந்திருப்பீங்க. உங்களுக்குப் பொழுது எங்க தெரியும்? காலைலன்னா காலை, சாயங்காலம்னா சாயங்காலம், அந்த நேரத்துல யாருக்கு என்ன தெரியும்? நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். ஆறேகால் மணி. சாயங்காலம்."

மாப்பிள்ளை தரையைப் பாத்துக்கிட்டிருந்தார். மஞ்சரி என்னைப் பாத்தா. பொங்கல்ல இருந்து அவ என்னை நேருக்கு நேரா பாக்கவே இல்ல சார், அன்னிக்குப் பாத்தா. கண்ணு கலங்கி இருந்துச்சு, அந்த வீட்ல சாம்பிராணி போட்டிருந்தாங்க. எந்திரிச்சு வந்து என் டம்ளரை வாங்கி, "இன்னும் கொஞ்சம் தண்ணி வேணுமாப்பா?"ன்னா.

அந்தம்மா இவளைப் பாத்தாங்க, மகனைப் பாத்தாங்க, அப்புறம் என்னைப் பாத்தாங்க. "ஆமாங்க. சாயங்காலமாத்தான் இருக்கும். எனக்கு வயசாயிருச்சு"ன்னாங்க.

கேட்டீங்களா கதையை? பெத்தவங்களுக்கே தெரியல. என் புரோகிராம் கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்கு. நீங்களும் வச்சிருக்கீங்களே லேப்டாப்னு, அதைச் சொல்லச் சொல்லுங்க பாப்போம்.

என்ன கேக்குறீங்க? காலைலயே பொறந்திருந்தா என்ன ஆகும்ங்கறீங்களா?

என்ன சார் நீங்க. பாத்தா விவரமானவரா தெரியுறீங்க, இவ்வளவு நேரம் கேட்டுட்டு இப்படிக் கேக்குறீங்களே. அவர்தான் காலைல பொறக்கவே இல்லையே.